அம்மாளாச்சியிடம் நான் கேட்ட பத்தொன்பது உயிர்

அம்மாளாச்சியின் பிள்ளைகளே, நான் மூர்த்தி. கனகராயன்குளத்தில் இருந்து உள்ளே வரும் எங்கள் சிறிய ஊரின் முத்துமாரி கோயிலில் பதினாலு வருடம் செடில் குத்தியவன். நேர்த்தி வைத்துக் காவடி எடுக்கிறவர்களின் முதுகில் வளைந்த முள்ளுகளைக் கொழுவுகிற வேலை அது. எனக்கு ஈரல் பழுது. சுகமாகிவிட்டது என்று சொல்ல இதை எழுதவில்லை. சுகமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நான் வேண்டியது நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தத் திருவிழா மலரில் இடம் கேட்டேன்.

போன வருடம் மாசி மாதம். அறுப்பு மெஷினைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றேன். வாய்க்குள் உப்புக் கரித்தது. குனிந்தேன். கறுத்த இரத்தம் கட்டி கட்டியாக வந்தது. பக்கத்து வயல்காரர் ஓடி வந்து பிடித்திராவிட்டால் அந்தச் சேற்றிலேயே முடிந்திருப்பேன்.

அதற்கு முன்பே வயிறு ஊதத் தொடங்கியிருந்தது. சாரம் இடுப்பில் நிற்காது. கால் வீங்கிச் செருப்பு ஏறாது. செங்கண்மாரி வந்தவன் மாதிரிக் கண் மஞ்சள். மூர்த்தி களவாய்க் குடிக்கிறான் என்று ஊரெல்லாம் கதை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் கள்ளுக்கூட வாயில் வைத்ததில்லை. முள்ளுப் பிடிக்கிற கை போத்தல் பிடிக்கக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள்ளால் குழாய் விட்டு, இரத்தம் கசிந்த நரம்புகளுக்குப் பட்டி போட்டார்கள். வயிற்றில் ஊசி ஏற்றிப் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தார்கள். மூன்றாம் நாள் இளம் பெண்ணான டாக்டர் பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"ஐயா, ஈரல் இறுகிச் சுருங்கிப் போச்சு. இது குடியால வந்ததில்லை. பி வகைச் செங்கண்மாரிக் கிருமி. கனகாலமா உங்கட இரத்தத்தில இருந்திருக்கு. முந்தி ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

அது பொய். நாலு வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் இரத்ததானம் நடந்தபோது நானும் படுத்துக் கொடுத்தேன். பிறகு இரத்த வங்கியில் இருந்து கடிதம் வந்தது. போனேன். இரத்தத்தில் கிருமி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கோ என்றார்கள். எனக்கு ஒரு நோவும் இல்லை. மாடு மாதிரி வேலை செய்தேன். ஊருக்குத் தெரிந்தால் கோயிலில் முள்ளைத் தொட விடமாட்டார்கள் என்ற பயம் மட்டும் இருந்தது. கடிதத்தை அலுமாரியில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். பிறகு நான் கிளினிக் பக்கம் போகவே இல்லை.

என் மனைவி பவானி மாற்று வேட்டி எடுக்கப் போய் அந்தக் கடிதத்தைக் கண்டுவிட்டாள். கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்தாள்.

"ஏனப்பா, எனக்குமா மறைச்சனீங்கள்?"

நான் முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். அவளையும் மகளையும் சோதித்தார்கள். பவானிக்கு இல்லை. மகளுக்குக் குழந்தையில் போட்ட தடுப்பூசி காவல் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்ட நேரம்தான் டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டா.

"சேர்ந்து சாப்பிடுறதால இது பரவாது ஐயா. இரத்தத்தால பரவும். ஒரே ஊசி, ஒரே சவர அலகு எண்டு ஆரோடையும் பாவிச்சனீங்களோ?"

எனக்கு அந்த முள்ளுகள்தான் நினைவில் வந்தன. எங்கள் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செடில் குத்துகிறவன் முதல் முள்ளைத் தன் கையில் குத்த வேண்டும். இரத்தம் வராவிட்டால் அம்மாள் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். வந்தால் மஞ்சள் தண்ணீரில் கழுவித் திருநீறு பூசி மறுபடி குத்த வேண்டும். அந்த முள்ளுகளை அப்பா யுத்தகால இடம்பெயர்வு முழுக்கச் சீலைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர். சட்டி பானையை விட்டாலும் அதை விடவில்லை. ஒரே முள்ளுகள்தான். என் கையில் இருந்து அடுத்தவன் முதுகுக்கு, அவன் முதுகில் இருந்து இன்னொருவன் முதுகுக்கு.

"மஞ்சள் தண்ணியில கழுவினால் அந்தக் கிருமி சாகாதோ, பிள்ளை?"

"சாகாது. ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா."

கடிதம் வந்த பிறகும் மூன்று திருவிழாவில் குத்தியிருக்கிறேன். கிருமி எந்த வருடம் எனக்குள் வந்தது என்றும் தெரியாது. மீள்குடியேறி வந்த நாளில் இருந்து நான் குத்தியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். இன்றும் ஊரில் இருக்கிறவர்கள் பத்தொன்பது பேர். கட்டிலில் படுத்தபடியே கேட்டேன். அம்மாளாச்சி, என்னுடைய ஈரலை எடுத்துக்கொள். நான் செய்த பிழைக்கு அது சரி. அதுகளுடைய ஈரலை விட்டுவிடு. இதைத் தவிர வேறொன்றும் கேட்கமாட்டேன்.

கேட்டால் மட்டும் போதுமா? சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு ஒன்றரை மாதம் எடுத்தது. மானம் என்ற சாமான் பொல்லாதது. பவானிதான் ஒருநாள், "அம்மாளிட்டச் சொன்னதை அந்தப் பெடியளிட்டச் சொல்ல ஏன் பயம்?" என்றாள். சித்திரை மாதக் கோயில் கூட்டத்தில் கடிதத்தையும் கொண்டுபோய் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு ஓட்டோ ஓடுகிற ரூபன் எழும்பினான். எட்டு வருடம் தொடர்ந்து என்னிடம் செடில் குத்திக்கொண்டவன்.

"கண்ணை மூடிக்கொண்டு உங்களிட்ட முதுகைத் தந்தனாங்கள் அண்ணை. தெரிஞ்சுகொண்டே குத்தினனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவனில் பிழை இல்லை.

அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் எனக்குக் கடதாசிக் கப். சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்து, தேத்தண்ணிக் கிளாசால் இது பரவாது என்று கடைக்காரருக்கு விளங்கப்படுத்தினார். கடதாசிக் கப் மாறவில்லை. ஆனால் பரிசோதகர் ஐயா சொல்லித்தான் வைகாசியில் கோயில் மண்டபத்தில் பத்தொன்பது பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள்.

பதினெட்டுப் பேருக்கு இல்லை. ரூபனுக்கு இருந்தது.

அவன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். நான் வீட்டுக்கு வந்து அம்மாளின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒன்றே ஒன்றுதானே கேட்டேன், அதையும் முழுதாகத் தர மனமில்லையா என்று வாய்விட்டு ஏசினேன். என்னிடம் இருந்து வந்ததா, பிறக்கும்போது தாயிடம் இருந்து வந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றா டாக்டர். எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. ஒரு மாதம் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

ஆனியில் ஒருநாள் ரூபனின் ஓட்டோ எங்கள் படலையில் வந்து நின்றது. பவானி பயந்து குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள். அவன் இறங்கவில்லை. என்னைப் பார்க்காமல் கதைத்தான்.

"ஈரல் நல்லாயிருக்காம். குளிசை தொடங்கியாச்சு. நிப்பாட்டாமல் போட்டால் பயமில்லையாம். தெரியாமல் விட்டிருந்தால் கொஞ்ச வருசத்தில உங்களை மாதிரி வந்திருக்குமாம். மனிசிக்கு இல்லை, ஊசி போட்டாச்சு. பிள்ளை பிறந்த உடனயும் போடுவினமாம்."

"தம்பி..." என்று தொடங்கினேன்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல வரேல்லை அண்ணை. உங்களுக்கும் எனக்கும் கிளினிக் ஒரே நாள். இந்த வயித்தோட பஸ்ஸில நிண்டுகொண்டு போகாதேங்கோ. காலமை ஆறு மணிக்கு வாறன்."

அவன் போன பிறகு படத்தைத் திருப்பி வைத்தேன். விளக்குக் கொளுத்தினேன். ஏசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அந்தக் கிருமி அவனுக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. நான் வாய் திறக்காவிட்டால் அது அப்படியே இருந்து அவனைத் தின்றிருக்கும். என் வாயைத் திறக்க வைத்தவள் அம்மாளாச்சி. நான் இரத்தம் கக்கித்தான் அது நடக்க வேண்டியிருந்தது.

போன ஆடித் திருவிழாவில் நான் குத்தவில்லை. பழைய முள்ளுகளைச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அப்பாவை நினைத்து அழுதேன். இப்போது ஆளுக்கு ஆள் புது முள்ளு, அவித்து மூடிக் கொண்டுவந்தது. கையில் குத்திப் பார்க்கிற வழக்கத்தையும் நிறுத்தியாயிற்று. உத்தரவு தருகிறவளுக்கு என் இரத்தம் தேவையில்லை.

போன மாதக் கிளினிக்கில் இரண்டு பேருடைய சோதனைத் தாளும் ஒன்றாக வந்தது. ரூபனின் ஈரல் சுத்தம். என்னுடையது இன்னும் கீழே. இனித் தண்ணீர் எடுக்க அடிக்கடி வர வேண்டும் என்றார்கள். மாற்று ஈரல் வைக்க என் உடம்பு தாங்காதாம். திரும்பி வரும் வழியில் ஓட்டோவுக்குள் அவன் கேட்டான்.

"உங்கடது என்னவாம் அண்ணை?"

"கேட்டபடி நடக்குது தம்பி" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை. என்னுடையதை எடு, அதுகளுடையதை விடு என்றுதானே கேட்டேன். அவள் சொல் தவறாதவள்.

அம்மாளாச்சியின் பிள்ளைகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால் இன்றைக்கே வெளியில் எடுங்கள். அவளை நம்புகிறவன் டாக்டருக்கு ஒளிக்கத் தேவையில்லை. இந்த ஆடியில் நேர்த்தி வைத்தவர்கள் முதலில் மண்டபத்துக்கு வந்து சோதனைக்கு இரத்தம் கொடுங்கள். பெயர் பதிய வாசலில் கதிரை போட்டு நான் இருப்பேன். நான் இல்லாவிட்டால் ரூபன் இருப்பான்.