மூன்றாவது பெயர்

2009 ஜூன் 7, ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, சட்டைகளைத் தேய்த்து அடுக்கிவிட்டு, குடியிருப்போர் சங்கத்துக்காகக் கணினியில் ஓர் அறிவிப்பு அடித்தேன். தலைப்பைத் தேர்ந்து B பொத்தானைத் தட்டியதும் எழுத்து தடித்தது. இவ்வளவு சுலபமாகிவிட்டது. தேவியின் ஞாபகம் வந்தது.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த பிரவுசிங் சென்டரில் நானும் தேவியும் வேலை பார்த்தோம். கதவிடுக்கு வழியாகக் கருவாட்டு வாசனை வந்துகொண்டே இருக்கும். தினமும் கீபோர்டைத் துடைப்பவன் நான் ஒருவன்தான். "சாருக்கு கம்ப்யூட்டரு சாமி மாறி" என்பாள். வலைப்பக்கம் எழுத இருவரும் ஒரே பழைய புத்தகத்தைப் பார்த்துக் கற்றோம். சொல்லுக்கு முன்னால் அம்புக்குறிகளுக்குள் ஒரு b போட்டுத் திறக்க வேண்டும். பின்னால் சாய்கோட்டுடன் இன்னொரு b போட்டு மூட வேண்டும். இடையில் இருப்பது மட்டும் தடிக்கும்.

ஒரு மழைக்காலப் புயலில் விசைப்படகு ஒன்று திரும்பவில்லை. அதில் ஐந்து பேர். வெளியூர் உறவினர்கள் பார்ப்பதற்காகப் பெயர்களை ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினோம். கரை சேர்ந்தவர் பெயரைத் தடிப்பாக்குவது என்று ஏற்பாடு. மூன்றாவது பெயர் தேசப்பன், தேவியின் அண்ணன்.

ஒரு பிற்பகல் நெல்லூர்ப் பக்கமிருந்து போன் வந்தது. தேவிதான் எடுத்தாள். நால்வர் கரையேறியிருந்தார்கள், தேசப்பனைத் தவிர. ரிசீவரை வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ தேவி, நான் பண்றேன்."

"வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போறேன்?"

ஒழுங்கு பார்க்கும் என் புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. தேசப்பன் பெயரைக் கடைசிக்குத் தள்ளினால் ஒரே தடவை திறந்து மூடினால் போதுமே என்றேன்.

"படகுல எப்பவும் அண்ணன் மூணாவதாத்தான் ஏறும். கடைசில போட்டா வுட்டுட்டு வந்தாப்ல கீது சார்."

திறந்து, எல்லப்பன், முத்து என்று அடித்து மூடினாள். தேசப்பனை வெறுமனே விட்டாள். மறுபடி திறந்து, பாபு, குமார். மூடினாள். நடுவில் உள்ள அந்த மூடலையும் திறப்பையும் எடுத்துவிட்டால் ஐந்து பெயரும் ஒன்றாகத் தடிக்கும்.

"அண்ணன் வந்ததும் ரெண்டையும் நானே எடுத்துடுவேன். நீ கை வச்சிராத சார்."

தேசப்பன் வரவில்லை. தேவி கல்யாணமாகி எண்ணூருக்குப் போனாள். சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆண்டுக்கொரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். மூன்றாவது பெயர் மெலிதாகவே இருக்கும். நானும் கை வைத்ததில்லை.

அறிவிப்பை முடித்ததும் அன்றும் அந்த முகவரியை அடித்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. இலவசத் தளத்தையே மூடிவிட்டார்களாம்.

மறுநாள் திங்கள். பல் துலக்குவதற்கு முன்பே கணினியைப் போட்டேன். நோட்பேடில் ஐந்து பெயர்களையும் படகில் ஏறும் வரிசையில் அடித்தேன். இரண்டாவது பெயருக்குப் பின் மூடினேன். நான்காவதற்கு முன் திறந்தேன்.