அக்காவின் இரண்டாவது மேஸ்

எட்டு வயதில் எனக்கு ஒரு காலின் மேல் பொறாமை இருந்தது. அது அக்காவின் பொய்க்கால். போருக்குப் பிறகு நாங்கள் ஊர் திரும்பிய வருடம் மிதிவெடியில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் அச்செடுத்துப் புதுக்கால் செய்து கொடுத்தார்கள்.

காலையில் அம்மா அவள் முன்னால் முழந்தாளிட்டு, மிச்சக் காலுக்கு மேஸ் என்கிற காலுறை போட்டு, அதைப் பொய்க்காலின் கிண்ணம் போன்ற சொக்கெற்றுக்குள் இறக்கி, மேலே பட்டியைப் பூட்டுவார். "நோகுதோ பிள்ளை? இறுக்கமோ?" என்று பத்துத் தரம் கேட்பார். நானோ என் தலையை நானே பின்னிக்கொண்டு கோணல் வகிட்டோடு பள்ளிக்கூடம் போவேன். பொய்ப்பாதத்துக்கு அளவாக அவளுக்குப் புதுச் சப்பாத்து வேறு; எனக்கு அவளுடைய பழசு. வயிறு எரியாதா?

கால் செய்த அண்ணை சொல்லியிருந்தார்: "பின்னேரம் மிச்சக் கால் கொஞ்சம் வத்தும். அப்ப இன்னொரு மேஸ் போடோணும். இல்லாட்டி சொக்கெற் ஆடி, உரஞ்சிப் புண்ணாக்கிப்போடும்." அந்த இரண்டாவது மேஸ் எப்போதும் அக்காவின் புத்தகப்பையில் இருக்கும்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு வந்தது, அதுவும் பின்னேரத்தில். அக்கா ஊன்றுகோல் இல்லாமல் மேடையேறப் போகிறாள் என்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் அந்த மேஸை எடுத்து என் பொம்மைக்குப் பாவாடையாகக் கட்டிவிட்டேன். அவள் விழ வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அவள் விழவில்லை. ஆடுகிற காலோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, பரிசை வாங்கி இறங்கினாள். சபை கைதட்டியது. எனக்கு இன்னும் எரிந்தது.

வீட்டில் கழற்றியபோது மேஸெல்லாம் இரத்தம்.

"ஐயோ பிள்ளை! மற்ற மேஸ் எங்கை?" என்று அம்மா பதறினார்.

"நான்தானம்மா மறந்துபோனன்." சொல்லிக்கொண்டே அக்கா, கட்டிலில் கிடந்த என் பொம்மையைத் தலையணைக்கடியில் தள்ளினாள்.

புண் ஆறிய பிறகு, பட்டி பூட்ட வந்த அம்மாவை அவள் தடுத்தாள்.

"இனி நானே பூட்டுறன். நீங்கள் போய் உவளுக்குத் தலையை இழுத்துவிடுங்கோ. வகிடு எங்கடை வீட்டு ஒழுங்கைப் பாதை மாதிரி வளைஞ்சு கிடக்கு."

அம்மா சீப்போடு என்னிடம் வந்தார். வென்றுவிட்டேன் என்று நிமிர்ந்து நின்றேன். கண்ணாடியில் அக்கா தெரிந்தாள். பட்டி நழுவ நழுவ மூன்றாம் தரமாகப் பூட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரியவளுக்கு ஒரு பட்டி பூட்டத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவை அவள்தான் எனக்குத் தந்தாள் என்பது என் எட்டு வயது மண்டைக்கு எட்டவில்லை.