நான்காவது ஜோடிச் செருப்பு

எங்கள் வீட்டுச் செருப்புகள் ஒருநாள் கணக்குப் போட்டன என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

அக்கா அப்போது பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தாள். கூட்டல் குறியோ பெருக்கல் குறியோ போடாமல் கம்ப்யூட்டரைக் கூட்டவும் பெருக்கவும் வைக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. போன முறை அதில்தான் பெயிலானாள். திங்கட்கிழமை மறுபரீட்சை. அப்பாவோ அதே திங்கட்கிழமை அவளைத் தன் ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ப்பதாக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அப்பா கறி வாங்கப் போன நேரம். அக்கா வாசலில் அம்மா, அவள், நான் என்று எங்கள் மூன்று பேர் செருப்பையும் பரப்பினாள். ஜோடியில் ஒன்று மேல்வரிசை, ஒன்று கீழ்வரிசை. நேராக இருந்தால் மதிப்பில்லை. கவிழ்ந்திருந்தால் வலது ஓரத்தில் ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்து நான்கு. மேலே நான்கையும் ஒன்றையும் கவிழ்த்து ஐந்து, கீழே இரண்டையும் ஒன்றையும் கவிழ்த்து மூன்று என்று வைத்தாள்.

"செருப்ப கவுத்துப் போடாதடி, வூட்ல சண்டை வரும்" என்றாள் அம்மா. சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவளுக்கும் அந்தப் பயம் போகவில்லை.

"அது நேத்தே வந்துடுச்சிம்மா" என்றாள் அக்கா.

புரட்டுகிற வேலை எனக்கு. இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றாள் அக்கா. ஜோடியில் ஒன்று மட்டும் கவிழ்ந்திருந்தால் அதை மேல்வரிசையில் வை. இரண்டும் கவிழ்ந்திருந்தால் இரண்டையும் நிமிர்த்து, இடப்பக்கத்து ஜோடியில் கீழ்ச்செருப்பைக் கவிழ். கீழ்வரிசை முழுக்க நிமிரும்வரை இதேதான். கவிழ்ந்த செருப்பு ஒவ்வொரு ஜோடியாக இடப்பக்கம் நகர்ந்துபோனது, யாரோ நடக்கிற மாதிரி. இடது ஓரத்துக்கு வந்ததும் அதற்கப்பால் போக ஜோடியில்லை.

அப்போது அப்பா வந்து நின்றார். "இன்னா கூத்து இது?"

"அஞ்சும் மூணும் எட்டு, அத வைக்க எடமில்லப்பா. ஒரு ஜோடி கம்மி" என்றாள் அக்கா.

அப்பா தன் செருப்பைக் கழற்றிக் காலால் இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். புரட்டினேன். எட்டுக்கான அந்த நான்காவது ஜோடியில் ஒன்றே ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"இதுக்கு வெரலே போதும். மூணஞ்சு போடு பாக்கலாம்" என்றார் அப்பா.

அக்கா மேலே ஐந்தை வைத்தாள். கீழே அதே ஐந்தை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி வைத்தாள். "தள்ளுனா ரெண்டு மடங்குப்பா. மேல ஒரு மடங்கு. ஆக மூணு."

புரட்டினேன். மேல்வரிசை நான்கும் கவிழ்ந்தன. எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று அப்பா வாய்விட்டு எண்ணினார். பதினைந்து.

அந்த வயதில் இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாத கணக்கு என் கையால் எப்படி வந்தது?

அப்பா கறிப்பையோடு வெறுங்காலில் நின்றார். "காலையில காலேஜுக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஏழரைக்குப்பா" என்றாள்.

சாப்பாட்டு ஜெபம் அன்று என் முறை. செருப்புக்கும் கணக்குத் தெரியவைத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன். அப்பா பஸ் நேரம் கேட்டதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.