ஓடக்கூடாத நீலம்

தனசேகரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரக் காகிதத்தின்மேல் வைத்து ஒற்றினார். ஆறாவது தாள். இரவு வானம் வரையச் சொன்னால், துவைத்துத் துவைத்து வெளுத்த ஜமுக்காளம்தான் ஆறாவது முறையும் வந்தது.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். நகங்கள் பத்தும் நீலம். வேட்டியும் துண்டும் எப்போதும் வெள்ளை. தோய்த்த நூலை ஈரத்தோடு அந்தத் துண்டில் தேய்த்துப் பார்ப்பார். துளி நிறம் ஒட்டினாலும் நூல் திரும்பச் சாயக் கொப்பரைக்கே போகும். இன்று துண்டெல்லாம் நீலத் திட்டு.

இரவு வானம்போல ஒரு சேலை கேட்டிருந்தது சென்னைக் கடை. சாயக்காரர் கையாலேயே அதை வாட்டர்கலரில் வரைந்து அனுப்ப வேண்டுமாம். படம் பிடித்தால்தான் ஆர்டர். ஐந்து மணி பஸ்ஸில் படம் போயாக வேண்டும். அப்போது மணி மூன்றரை.

சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான்; அதுவும் ஓவியத்தில். நான்கு வருடம் படித்தும் எனக்கு வராத நீலத்தை இவர் ஒரே கலக்கலில் கொண்டுவருகிறார். தாளில் பூசியதும் அது கீழே பூசிய கருப்புக்குள் கசியும். உடனே துண்டு இறங்கிவிடும்.

“அண்ணே, ஓடட்டும் வுடுங்க. ஓடினாதான் வானம்.”

“நல்லாப் படிச்ச போ. சாயம் ஓடிச்சின்னா ஊரு இன்னா பேசும்? முப்பது வருசத்துல என் நூலு ஒண்ணு திரும்பி வந்துகீதா?”

“இது நூல் இல்லண்ணே, காயிதம்.”

“காயிதமா இருந்தா இன்னா? கை என்னுதுதான?”

நட்சத்திரமாவது உருப்படும் என்று நினைத்தேன். சேலையில் புட்டா வைப்பதுபோல் நான்கு விரல் இடைவெளி விட்டு, வரிசை பிசகாமல் வைத்தார். தெளித்துவிடச் சொன்னேன்.

“மாவு எறைச்ச மாதிரியா? முந்தானைல அப்டி வெச்சா மொதலாளி ஒதைப்பாரு.”

ஏழாவது தாள் போனது. எட்டாவதும் போனது. மிச்சம் ஒரே தாள். துண்டைப் பிடுங்கப் போனேன்.

“பேஜார் பண்ணாத தம்பி. தொடாத.”

நாலரைக்குக் கடைசித் தாள். மேலே நீலம், கீழே கருப்பு. நடுவில் ஈரம் மெல்ல ஊர்ந்தது. அவர் கை தோளுக்குப் போனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். துண்டை எடுத்தார், நான்காக மடித்துப் பெஞ்சில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அழுத்திக்கொண்டார்.