பௌர்ணமி ஆட்டோவும் என் இதயமும்

என் இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. தொடை வழியாக ஒயர் விட்டு, கோளாறான இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார் வேலூர் டாக்டர். பயத்தில் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

இன்று பௌர்ணமி. கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் என் பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"நான்தான்டா மொதல்ல கேட்டேன்."

"கைய எட்றா."

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன என் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நான். சட்டை முழுக்க நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை.

இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் சார், ஏறுங்க."

யார் ஆட்டோவில் என்று மறுபடியும் சண்டை. இந்த முறை ஒருவர் கல்லை எடுத்தார், இன்னொருவர் ஜாக்கி ராடை உருவினார்.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். பஞ்சு வைத்த பிறகு, வேலூர் டாக்டருக்குப் போன் செய்து தேதி கேட்டேன்.

"பயம் போயிடுச்சா?"

"நீங்க மரத்துப்போக ஊசி போட்டுட்டுதானே சார் செய்வீங்க."

வியாழக்கிழமை அட்மிஷன். ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டாமல் வேலூர் பஸ் பிடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.