துடைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

என் தம்பி ஜெகதீஷ் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், இரும்பின் உறுதியைச் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறான். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ முடித்த முதல் ஆள். அவன் மேஜையில் பேனாகூடக் கோணலாகக் கிடக்காது.

லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போடச் சொன்னார்கள். அவனுக்கு மனசு வரவில்லை. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, முதலில் லாரி வரவைப் பதிவு செய்ய கம்பெனி வாசல் கேட்டில் வைத்தான்.

"சார், லாரி வந்து லோடு இறக்கிட்டே போயிடுது. இது இன்னும் கண்ணே தொறக்கல" என்றார் செக்யூரிட்டி எல்லப்பன்.

கேன்டீனில் வைத்தான். இட்லி ஆவியில் கீபோர்டு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வல்லக்கோட்டையில் எங்களுக்குத் தெரிந்த பிரவீனா பிள்ளைகளுக்கு நடத்தும் டியூஷனுக்குக் கொடுக்க அனுமதி வாங்கினான்.

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் கொடுப்பதில்லை, வெறுமனேயும் கொடுப்பதில்லை. "சுத்தமா தொடச்சிட்டு, உள்ள எதனா போட்டுக் குடுடா" என்றேன். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, தமிழ் டைப்பிங்கும் கணக்கு விளையாட்டும் ஏற்றிக் கொடுத்தான்.

லேபில் எப்போதாவது மட்டும் ஓட்டும் பழைய சோதனை மெஷின் ஒன்று உண்டு. அதற்கான புரோகிராம் டியூஷனுக்குக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அடுத்த முறை ஓட்டப் போனபோது மெஷின் ஊமையாக நின்றது. புரோகிராமைப் புதியதில் ஏற்றாமல் விட்டுவிட்டான் என்று பழி, புதுக் கம்ப்யூட்டரை மாட்டிய காண்டிராக்ட் ஆள் லோகேஷ் மேல் விழுந்தது.

அன்று ராத்திரி தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னாடா, சோறு கையிலயே கீது?"

"லோகேஷ வேலைய வுட்டு நிறுத்தப் போறாங்கக்கா. அழிச்சது நான். எல்லாரும் அவன திட்டும்போது வாயே தொறக்கல."

"அவன் வூட்ல அடுப்பு எரிய வேணாமா?"

"நீதான தொடைக்கச் சொன்ன?"

"கம்ப்யூட்டரத் தொடைக்கச் சொன்னேன். உன் வாயயா தொடைக்கச் சொன்னேன்?"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் சோறு இறங்கவில்லை.

காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டான். லோகேஷுக்கு வேலை நிலைத்தது. தம்பிக்கு மெமோ கிடைத்தது. அந்த மெஷினுக்கு வரும் சாம்பிள்களை இப்போது அவனே பைக்கில் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள வெளி லேபுக்குக் கொண்டுபோகிறான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

போன ஞாயிறு டியூஷனுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் அதே கம்ப்யூட்டரில் 'நன்றி ஜெகதீஷ் அண்ணா' என்று பெரிதாக அடித்துக் காட்டினார்கள். அவன் குனிந்து தன் பெயரை மட்டும் அழித்தான்.

"அழிக்கிறதே பொழப்பா போச்சிடா உனக்கு" என்றேன்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தார்கள். இந்த முறை அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.