மூன்றாம் ஷிஃப்டை விட்டுவிட்டுப் பாடியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாஷிங் மெஷினைத் திறந்தால் அடியில் கறுப்புக் கறுப்பாய்க் கடுகு போல ஏதோ உருளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எலிப்புழுக்கை என்று நினைத்து, அபார்ட்மென்ட் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டையே பிடித்துவிட்டேன். அவர்கள் அனுப்பிய ஆள் ஒன்றை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "சாக்கர் பார்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். பழைய டயரை அரைத்துத் தூளாக்கி, பிளாஸ்டிக் புல்லுக்கு நடுவே கொட்டி, அதைத்தான் இந்த ஊரில் மைதானம் என்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே இறங்கி ஆட்டக்காரர்களோடு கைகுலுக்குவது இங்கே வழக்கம். அப்போது அந்தத் தூள் என் சாக்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் அம்மா கொடியில் காய்ந்த துணியை நாலு உதறு உதறாமல் மடிக்க மாட்டாள். கரித்தூசி. எந்தக் கண்டத்துக்குப் போனாலும் என் துணியில் கறுப்பு ஒட்டவேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது போல.

"ஐம்பது வயசுல பந்தாட்டம் பாக்கப் போறீங்களா? வேற வேலை இல்லையா?" என்று இங்கே தமிழ்ச் சங்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொங்கலுக்கு வாடகை மண்டபத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குளிரில் நடுங்குகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், பேச ஆளில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு சனிக்கிழமை மைதானத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. முதல் ஷிஃப்டுக்குப் போனோம், இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனோம், மூன்றாம் ஷிஃப்டில் ஊர் தூங்க நாங்கள் விழித்தோம் என்று பாடி, கடைசியில் தங்கள் கால்பந்து கிளப்பின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்காரன் நைட் ஷிஃப்டைப் பாட்டாய்ப் பாடுகிறானே! அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால் பகல் முழுக்க எங்கள் வீட்டில் தட்டுகூடச் சத்தமாய் வைக்கக்கூடாது. அடுத்த சனிக்கிழமையே டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டேன்.

கிளப்பின் பேரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பக்கத்து இருக்கையில் டென்னிஸ் என்று ஒரு மனிதர். எழுபதைத் தாண்டியவர், காகித மில்லில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், கிளப்பின் பச்சைச் சட்டையைத் தவிர வேறு நிறத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. கிளப்பின் கதை முழுவதையும், நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஆட்டத்துக்கு நடுவே சத்தமாய்ச் சொல்லுவார். பிழைக்க வந்த போலந்துக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் மில்லுக்குப் பின்னால் காலி இடத்தில் உதைத்து ஆரம்பித்த டீம் அது. டென்னிஸின் அப்பா கோல்கீப்பர். மில்லை மூடினார்கள், டீம் சாகவில்லை. ஒரு லீகில் சேர்ந்தார்கள், அந்த லீக் திவாலானது. இன்னொன்றில் சேர்ந்தார்கள், அதுவும் படுத்தது. நடுவில் சில வருஷம் டீமே இல்லை; அப்போதும் டென்னிஸும் இன்னும் பத்துப் பேரும் சனிக்கிழமை வந்து காலி மைதானத்தைப் பார்த்துவிட்டு பீர் குடித்துவிட்டுப் போவார்களாம். பைத்தியங்கள். பிறகு மறுபடியும் அதே பேரில், அதே பச்சையில் டீம் எழுந்தது.

ஒருநாள் என் ஊரைக் கேட்டார். நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையம், டவுன்ஷிப் என்று சொன்னேன்.

"மூடிவிட்டார்களா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"இல்லை, பெரிதாகிக்கொண்டே போகிறது."

"கொடுத்துவைத்த ஊர்!" என்று என் முதுகில் தட்டினார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூடியதால் அவர் ஊர் செத்தது, மூடாததால் என் ஊர் செத்தது. இதை எந்த இங்கிலீஷில் சொல்ல? எங்கள் கிராமத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. நிலம் கொடுத்த வகையில் அப்பாவுக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்தது, கூடவே குவார்ட்டர்ஸ். டவுன்ஷிப்பில் நிழலுக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே எவனுக்கும் சொந்த வீடு கிடையாது. ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். நான் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது பள்ளம், வளர்ந்த வீட்டில் வேறு யாரோ குடும்பம். பிறந்த ஊர் எது என்று கேட்கிற ஃபாரங்களையெல்லாம் நான் முறைத்துக்கொண்டேதான் நிரப்புகிறேன்.

ஒரு வருஷம் எங்கள் கிளப் தன் பிரிவிலேயே முதலாவதாக வந்தது. ஊரே ஆடியது. நானும் ஆடினேன், பொய் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மேல் பிரிவுதான் என்று நினைத்து, நெய்வேலியில் இருக்கும் தம்பி குமாருக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். மறுவாரம் டென்னிஸ் சொன்னபிறகுதான் தெரிந்தது: இந்த நாட்டில் ஜெயித்தால் மேலே ஏற்ற மாட்டார்கள். மேலே போகவேண்டுமென்றால் கோடி கோடியாய்ப் பணம் கட்டி இடம் வாங்கவேண்டும். தம்பி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. தலைமுடி நரைத்தும் கான்ட்ராக்ட். அவனிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"எவ்ளோதான் வேலை செஞ்சாலும் மேல ஏத்தமாட்டான்ல? அப்ப அது நம்ம டீமு தான்க்கா. நீ சரியான எடத்துலதான் போயி குந்திகினு இருக்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் "யாருக்கா ஜெயிச்சா?" என்று கேட்க ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் இதுவரை பந்தாட்டம் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை.

பிறகு கிளப்பை ஒருவன் வாங்கினான். வாங்கியவன் வைத்திருந்தானா? இல்லை. வெயில் ஊர் ஒன்றில், விமானத்தில் அரைநாள் போகிற தூரத்தில், யாரோ நல்ல விலைக்குக் கேட்டதும் தள்ளிவிட்டான். டீம், லீகில் அதன் இடம், பச்சை நிறம், பேர், எல்லாமே போகிறது. அதை அறிவிக்க நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து, தங்களுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. கடைசியில் ஒன்று சொன்னார்: "கவலைப்படாதீர்கள், கிளப்பின் வரலாறும் கிளப்போடு கூடவே போகும்."

எனக்குப் பக்கத்தில் டென்னிஸ். கோல்கீப்பராய் இருந்த தன் அப்பாவின் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையுறையும் சேர்ந்துதான் விலைபோயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. விருட்டென்று எழுந்துபோய் மைக் முன்னால் நின்றேன். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றார்கள். எங்கள் மாரியம்மன் கதையைச் சொன்னேன்.

ஊரை எடுத்தபோது பாதிப் பேர் ஒதுக்கிக் கொடுத்த காலனிக்கும் குவார்ட்டர்ஸுக்குமாய்ப் போனோம், பாதிப் பேர் நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் நிலம் வாங்கிப் போனார்கள். போகும்போது இரண்டு கட்சியும் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய் ஆளுக்கொரு கோயில் கட்டினோம். அன்று பிடித்தது சனி. "அவங்க எடுத்தது வாசப்படி மண்ணு, கருவறை மண்ணு எங்களுது" என்று எங்கள் கட்சி. அதையே திருப்பி அவர்கள். ஒரே நாளில் இரண்டு தேர், ஒரே நேரத்தில் இரண்டு கூழ் ஊற்றல். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அவர்கள் கோயிலுக்கு நாங்கள் பேர் சொல்ல மாட்டோம், "அந்தப் பக்கத்துது" என்போம். ஒருமுறை கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கத்துக் கோயில் ஜன்னலில் தெரிந்தது. அம்மாவின் இரண்டு கையும் எழுந்து கும்பிட்டுவிட்டது. சித்தப்பா பார்த்துவிட்டு, "அண்ணி, மானம் ரோஷம் எதுனா இருக்குதா உங்களுக்கு?" என்று பஸ்ஸிலேயே கத்தினார். அம்மா விடவில்லை. "ஆத்தா ஆத்தா தானே? கையி என்னா பட்டாவா பாத்துகினு கும்புடும்?" என்றாள். சித்தப்பா அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவே இல்லை.

கதையில் அம்மாவும் பஸ்ஸும் வருவதற்குள் மணி அடித்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்படி விற்றால் தலைமுறை தலைமுறையாய்ப் பகைதான் மிஞ்சும் என்று எச்சரிக்கத்தான் நான் எழுந்தேன். அவர்கள் காதில் விழுந்தது வேறு. மண்டபமே எழுந்து கைதட்டியது. ஆட்டத்தின்போது கூட்டத்தில் மேளம் அடிக்கிற டைலர் என்பவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அருமையான யோசனை! நாமும் இரண்டாவது கோயில் கட்டுவோம்!"

அப்படித்தான் புது கிளப் பிறந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அதே பிளாஸ்டிக் புல்லில், பழைய பேரும் நிறமும் சட்டப்படி தொடக்கூடாது என்பதால் ஆரஞ்சுச் சட்டையில். என்னைக் கமிட்டியில் வைத்தார்கள். எனக்கும் வெறி ஏறிவிட்டது. நம் மைதானத்தில் அந்தப் பேரை இனி யாரும் உச்சரிக்கக்கூடாது, அந்தப் பாட்டும் கூடாது, அவர்களைப் பற்றிப் பேசினால் 'அந்தப் பக்கத்தார்' என்றுதான் பேசவேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே சீதனம் அது. எல்லோரும் கை தூக்கினார்கள். டென்னிஸும் தூக்கினார். பச்சைச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு ஆரஞ்சில் வந்தார், யாரோ போர்த்திவிட்ட சால்வை போல அது அவர் மேல் தொங்கியது.

போன மாதம், சின்ன டீம் பெரிய டீம் எல்லாவற்றையும் கலந்து சீட்டுக் குலுக்கிப் போடுகிற கோப்பைப் போட்டியில், அந்தப் பக்கத்தாருக்கும் எங்களுக்கும் ஆட்டம் விழுந்தது. எங்கள் மைதானத்திலேயே. தம்பிதான் என்னைவிடத் துடித்தான். "விடாதக்கா, மூஞ்சியில கரியப் பூசி அனுப்பு" என்றான். ஸ்கோர்போர்டில் 'விருந்தினர்' என்று மட்டும் போட்டோம். மில்லைப் பார்த்தே இராத நாற்பது ஐம்பது பேர், பச்சைத் துண்டோடு விமானம் ஏறி வந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

பத்து நிமிஷத்துக்குள் ஒரு பச்சைச் சட்டை இடது ஓரமாய் ஓடி, உள்ளே திரும்பி, பந்தை வலைக்குள் அடித்தது. எங்கள் பக்கம் மயான அமைதி. அந்த அமைதியில் ஒரே ஒருவர் துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினார். டென்னிஸ். கத்திய பிறகுதான் அவருக்கே விளங்கியது. முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. மேளத்தை நிறுத்திவிட்டு டைலர், "நீ எந்தப் பக்கம்?" என்று கத்தினான். பின்னாலிருந்து யாரோ காகிதக் கோப்பையை வீசினார்கள்.

"பச்சையைப் பார்த்தேன்" என்றார் டென்னிஸ் என்னிடம், மெதுவாக.

"அறிவிருக்காய்யா உனக்கு? இத்தினி பேருக்கு நடுவுல இப்படியா மானத்த வாங்குவ?" என்று தமிழிலேயே பொரிந்து தள்ளினேன்.

"நன்றி" என்றார். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

மூன்று கோல் வாங்கினோம். கடைசியில் எதிர்ப்பக்கத்தார் பாட ஆரம்பித்தார்கள், எங்கள் பாட்டை. முதல் ஷிஃப்டுக்குப் போனோம். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனோம். அதோடு நேரே கிளப்பின் பேருக்குத் தாவிவிட்டார்கள். மூன்றாம் ஷிஃப்ட் இல்லை! மறுபடி பாடினார்கள், மறுபடியும் இல்லை. பாட்டு நீளம் என்று வெட்டிவிட்டார்களோ, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையோ, எனக்கென்ன தெரியும். விடிகாலையில் கண் சிவந்து, சைக்கிளைச் சத்தமில்லாமல் நிறுத்துகிற என் அப்பாவை எவனோ பிடித்து வெளியே தள்ளியது போல இருந்தது. இதையும் வாங்கிக்கொண்டு போய், இதையுமா பாழாக்குவீர்கள்? பாவிகளா, பாடுவதுதான் பாடுகிறீர்கள், ஒழுங்காய்ப் பாடித் தொலையக்கூடாதா? திருத்தத்தான் எழுந்தேன். ஆனால் பாட்டை எப்படித் திருத்துவது? பாடித்தான் ஆகவேண்டும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, மூன்றாம் ஷிஃப்டை முழுசாய்ப் பாடினேன். அது முடிகிற இடத்தில் அந்தப் பேர் வரும். வந்தது. நான் போட்ட சட்டம், என் வாயாலேயே போனது.

எதிர்ப்பக்கத்தார் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். பச்சைத் துண்டைச் சுழற்றி, இங்கே வா, இங்கே வா என்று கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, டைலர் மேளக் குச்சியை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். டென்னிஸ் மட்டும் தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, நான் உட்கார இடம் விட்டார். அவர் பக்கத்தில் உட்காரவும் அப்போது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை வாஷிங் மெஷினிலிருந்து சாக்ஸை எடுத்து ரப்பர் தூளை உதறிக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. அங்கே ஞாயிறு சாயங்காலம்; திங்கட்கிழமை வரை அவனுக்குப் பொறுக்கவில்லை.

"யாருக்கா ஜெயிச்சா?"

"நம்ம டீம் தான்டா" என்றேன்.

"அப்படிப் போடு!" என்று அந்த முனையில் கத்தினான். "எம்மா, அக்கா டீமு ஜெயிச்சிட்டுதாம்மா! அந்தப் பக்கத்தானுங்கள அடிச்சி வெரட்டிட்டாங்களாம்!"

உள்ளே அம்மா சிரிப்பது கேட்டது. நான் திருத்தவில்லை. இன்னொரு சாக்ஸையும் எடுத்து உதறினேன்.